வெள்ளி ஒட்டாத இடம்

1981-ஆம் ஆண்டு தை மாதம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழே முக்கால் மணி இருக்கும். பரவை மார்க்கெட்டில் அந்த வாரத்துக்கான காய்கறிகளை வாங்கி, சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, விளாங்குடியில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டிலிருந்து பின்பக்கமாகவே சாலைக்கு வந்த லாரி ஒன்று என்னைப் பார்க்கவில்லை. நானும் அதைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் கைக்கடிகாரத்தை. பரவைக்குப் போக எத்தனை நிமிடம், திரும்ப எத்தனை நிமிடம் என்று வாராவாரம் நாட்குறிப்பில் எழுதுவது என் வழக்கம்.

பள்ளி இறுதித் தேர்வு எழுதிய நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது விட்டது, வைகையில் என்றைக்குத் தண்ணீர் வந்தது, வீட்டில் பல்பு மாற்றிய தேதி, படித்து முடித்த புத்தகங்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். வேலையும் அதற்கு ஏற்றாற்போல் ஓர் அலுவலகத்தின் பதிவறையில். இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று என் காலை உடைத்தது லாரி. பிறகு அந்தக் காலையே இழக்கும் நிலைக்கு என்னைக் கொண்டுபோனது இந்தப் பழக்கம்தான்.

வலது காலில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்பு இரண்டாக ஒடிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மார்க்கெட்டில் இருந்தவர்கள்தான் ஒரு வேனில் ஏற்றி மதுரையில் ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்தார்கள். எலும்பைச் சேர்த்து வைத்து, எஃகுத் தகடு ஒன்றைத் திருகுகளால் முடுக்கினார் டாக்டர். மயக்கம் தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, ஆபரேஷன் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்பதாம். பக்கத்தில் இருந்த நர்ஸிடம் என் மனைவி சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இவுக செத்தாக்கூட, எத்தனை மணிக்குன்னு இவுகளே எழுதி வச்சுட்டுத்தான் போவாக."

மாசி கடைசியில் புண்ணிலிருந்து சீழ் வர ஆரம்பித்தது. ஊசி மருந்துகள் போட்டார்கள். நிற்பதுபோல் நிற்கும், மறுபடியும் வரும். டாக்டர் எனக்குப் புரியும்படி விளக்கினார். உடம்புக்குள் வைக்கும் உலோகத்தின் மேல் கிருமி ஒரு தடவை குடியேறிவிட்டால், மருந்து அதன்மேல் சரியாக வேலை செய்யாது. உலோகத்தை எடுத்தால்தான் கிருமி போகும். ஆனால் எடுத்தால் எலும்பைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. சில மாதம் நாளைக் கடத்திப் பார்த்துவிட்டு, ஆடி மாதம் தகட்டை எடுத்துவிட்டார்கள். காலுக்கு மாவுக்கட்டு போட்டு, புண் இருக்கும் இடத்தில் மட்டும் ஜன்னல்போல் ஒரு சதுரம் வெட்டி வைத்தார்கள். அந்த ஜன்னல் வழியாக ஒருநாள் விட்டு ஒருநாள் நர்ஸ் வீட்டுக்கு வந்து மருந்து வைத்துக் கட்டுவார்.

தகடு போன பிறகும் சீழ் முழுவதுமாக நிற்கவில்லை. எலும்பும் சேரவில்லை. ஆவணி மாதம் டாக்டர் என்னையும் மனைவியையும் உட்கார வைத்துப் பேசினார். எலும்பின் மேல் துண்டில் இரண்டு, கீழ்த் துண்டில் இரண்டு என நான்கு எஃகுக் கம்பிகளை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் செலுத்தி, காலுக்கு வெளியே அவற்றைச் சட்டம்போல் இணைத்து இறுக்கலாம். அப்படிச் செய்தால் புண்ணுக்குள் உலோகம் இருக்காது. ஆனால் கம்பி தோலைத் துளைக்கும் ஒவ்வோர் ஓட்டையும் கிருமிக்கு ஒரு வாசல்.

"எலும்பு சேர லேட்டானாக்கூட நான் பொறுத்துக்குவேன். அந்த ஓட்டையிலயும் சீழ் வந்துச்சுன்னா, அடுத்து நாம பேசப் போறது முழங்காலுக்குக் கீழ எடுக்கிறதைப் பத்தித்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. மகள் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகுதான் டாக்டர் ஒரு யோசனையைச் சொன்னார். வெள்ளி இருக்கும் இடத்தில் கிருமி பெருகாது என்பது மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்ததுதான்; தீப்புண்ணுக்கே வெள்ளி மருந்து தடவுகிறார்கள். எலும்பில் வைக்கும் உலோகத்துக்கும் வெள்ளி பூசினால் என்ன என்று வெளிநாடுகளில் சிலர் யோசித்து வருவதாக அவர் படித்திருந்தார். அப்படிப் பூசிய கம்பி எதுவும் இங்கே கிடைக்காது. "மதுரையில முலாம் பூசுறவங்களுக்கா பஞ்சம்?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டார்.

நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என் அலுவலக நண்பர் ஒருவரின் பக்கத்து வீட்டுக்காரர் செல்லூரில் முலாம் பட்டறை வைத்திருந்தார். நான் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லி, மறுநாளே ஊன்றுகோல்களோடு ஆட்டோவில் ஏறிவிட்டேன். கூட மனைவியும் வந்தாள்.

பட்டறை, விசைத்தறிகள் தடதடக்கும் ஒரு சந்தின் முனையில் இருந்தது. பித்தளைக் குத்துவிளக்கு, கல்யாணப் பரிசாகக் கொடுக்கும் கிண்ணம், கொலுசு இவற்றுக்கெல்லாம் வெள்ளி முலாம் பூசுவது அவர் தொழில். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். குஜராத் பக்கமிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து மதுரையில் தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் மொழி. எங்களோடு அசல் மதுரைத் தமிழ். நான் சொன்னதைக் கேட்டதும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். முடியாது என்றும் சொல்லவில்லை, முடியும் என்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் நேரில் பேசாமல் கையை வைக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் தம் ஸ்கூட்டரில் அந்தச் சந்துக்கு வந்தார். முலாம்காரர் அவரிடம் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "டாக்டர் சார், நான் வெள்ளி ஏத்துற தண்ணி விசம். விளக்குன்னா தொடைச்சு வச்சா முடிஞ்சு போச்சு. இது மனுசன் உடம்புக்குள்ள போறது. அதை முதல்ல பேசுவோம்."

டாக்டருக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. இருவரும் ஸ்டூலில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். எவர்சில்வர் இனத்தில் வெள்ளி லேசில் பிடிக்காது, அடியில் வேறோர் உலோகத்தை மெல்லிசாக ஏற்றித்தான் மேலே வெள்ளி ஏற்ற வேண்டும் என்றார் முலாம்காரர். அந்த அடிப்பூச்சு எது, அதை வெள்ளி வெளியே தெரியாமல் மூடுமா என்று கேட்டார் டாக்டர். தொட்டிக்குப் புதுக் கரைசல் போடுவது, பூசிய பிறகு தண்ணீரை மாற்றி மாற்றிப் பல தடவை கொதிக்க வைப்பது, கடைசித் தண்ணீரைக் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தரும் நண்பரிடம் டாக்டர் கொடுத்துச் சோதிப்பது என்று முடிவாயிற்று. டாக்டர் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இது பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். வேண்டாம் என்றால் வெறும் கம்பியையே வைக்கிறேன் என்றார். நான் சம்மதித்து எழுதிக் கொடுத்தேன். கீழே தேதியும் மணியும் போட்டேன். இன்றைக்கு யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. அன்று எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

வியாழக்கிழமை முலாம் பூசும் நாள். நான் அங்கே இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. டாக்டர் கூப்பிடவில்லை, முலாம்காரரும் கூப்பிடவில்லை. என் காலுக்குள் போகப் போகும் கம்பிக்கு முலாம் பூசுவதை நான் பார்த்து எழுதாமல் யார் எழுதுவது என்று எனக்குத் தோன்றியது. மனைவி எவ்வளவோ சொன்னாள். கடைசியில் அவளும் ஆட்டோவில் ஏறினாள்.

நான்கு கம்பிகளையும் அவர் காரத் தண்ணீரில் போட்டு எடுத்தார், தேய்த்தார், அமிலத்தில் முக்கினார், அலசினார். செம்புக் கம்பியில் மாட்டி, விரல் படாமல் தூக்கிப் பிடித்து, மேலிருந்து தண்ணீரை விட்டுக் காட்டினார். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எங்கேயோ எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம். பாய் விரித்ததுபோல் ஒரே சீராகப் படிந்து இறங்கினால் சுத்தம். நான்கிலும் பாய் விரித்ததுபோல் இறங்கியது. அவற்றைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த கொடியில் மாட்டிவிட்டு, கரண்ட் பெட்டியைச் சரி பார்க்கத் திரும்பினார்.

என் சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்கேல் இருந்தது. எப்போதும் இருக்கும். கம்பியின் நீளமும் பருமனும் நாட்குறிப்பில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஓரத்தில் இருந்த கம்பியை நடுவில் இரண்டு விரலால் பிடித்து, ஸ்கேலை வைத்துப் பார்த்து, அசைந்தது தெரியாதபடி பழைய இடத்திலேயே விட்டேன். பத்து விநாடி ஆகியிருக்காது.

அவர் திரும்பி வந்து, அடிப்பூச்சு ஏற்றி, நான்கையும் வெள்ளித் தொட்டியில் இறக்கினார். டீ வந்தது. குடித்தோம். ஒவ்வொன்றாகத் தொட்டியிலிருந்து எடுத்தபோது, கம்பிகள் பால்போல் வெளுத்திருந்தன. அவர் அவற்றை அலசி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நான்காவதில் நின்றுவிட்டார். மெல்லிய துணியால் ஒரு தேய் தேய்த்தார். நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய அளவில் வெள்ளி அப்படியே உரிந்து வந்தது. அடியில் எஃகு மங்கலாகத் தெரிந்தது. உரிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். அதில் வளைந்து வளைந்து மெல்லிய கோடுகள்.

"இதை யாரு தொட்டது?" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பொய் சொல்லலாமா என்றுதான் யோசித்தேன். மனைவிக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

"வேற யாரு, இவுகதான். நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். தொடாம, அளக்காம இருக்க முடியாது இவுகளுக்கு. காலையில எந்திரிச்சதும் கால்கட்டைப் பிரிச்சு, புண்ணுக்கு ஸ்கேல் வச்சுப் பாக்குற ஆளு."

அவர் துணியைக் கீழே வைத்தார். "புண்ணுக்கா?"

ஆம், புண்ணுக்குத்தான். நர்ஸிங் ஹோமிலிருந்து வீட்டுக்கு வந்த மாசி முதல் வாரத்திலிருந்து ஆவணி வரை, ஒருநாள் தவறாமல், காலை ஆறு மணிக்கு நர்ஸ் கட்டிய கட்டைப் பிரிப்பேன். புண்ணின் நீளத்தை ஸ்கேலால் அளப்பேன். ஸ்கேலை முன்னதாகத் துண்டால் துடைத்துக்கொள்வேன். அது போதும் என்று நினைத்திருந்தேன். சுற்றிலும் விரலால் அழுத்தி, சீழ் எவ்வளவு வருகிறது, என்ன நிறம் என்று பார்ப்பேன். எழுதுவேன். பிறகு நர்ஸ் கட்டியதுபோலவே, அதே முடிச்சு, அதே இடத்தில் வரும்படி திரும்பக் கட்டிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. டாக்டரிடம் என் நோட்டைக் காட்டியபோது அவர் பாராட்டினார். கட்டு மாற்றும்போது நர்ஸ் சொல்வதைக் கேட்டு எழுதுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

முலாம்காரர் அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டு வந்தார். உரிந்த வெள்ளித் துண்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, எஃகுக் கம்பி இது. உங்க விரலு ஒரு தடவை பட்டதையே இதால தாங்க முடியல. புண்ணு எப்படிண்ணே தாங்கும்?"

கோபமாகச் சொல்லவில்லை. பட்டறையில் ஸ்டூல் இருந்தும் நான் நின்றுகொண்டே இருந்தேன். ஏழு மாதம், இருநூறு காலைகள். வெளியிலிருந்து எந்தக் கிருமியும் என்னைத் தேடி வர வேண்டியிருக்கவில்லை. நானே விரல் நுனியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டுவந்திருக்கிறேன். தேதி வாரியாக அதற்குப் பதிவும் வைத்திருக்கிறேன்.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த தம் மனைவியிடம் அவர் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு அந்த மொழி தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நான்கையும் மறுபடி முதலிலிருந்து செய்கிறேன் என்றார். ஒன்றுதானே கெட்டது என்று மனைவி கேட்டதற்கு, ஒன்றைத் தொட்ட ஆள் மற்றதைத் தொடவில்லை என்று எப்படி நம்புவது என்றார். அது எனக்கு உரைக்க வேண்டியதுதான். இரண்டு நாள் கழித்து அவரே நர்ஸிங் ஹோமுக்கு வந்தார். மூடி போட்ட கண்ணாடி ஜாடியில், கொதித்து ஆறிய தண்ணீருக்குள், நான்கு கம்பிகளும் நூலில் தொங்கின. ஒன்றையொன்று தொடவில்லை; ஜாடியையும் தொடவில்லை. செல்லூரிலிருந்து சைக்கிளில், ஒரு கையால் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்.

அன்றே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். முகம் சிவந்தது. "உங்க நோட்டைப் பாத்து நான் மருந்தை மாத்திக்கிட்டு இருந்தேன் சார்" என்றார். பிறகு கையை நீட்டினார். ஸ்கேலைக் கொடுத்தேன். அதைத் தம் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

புரட்டாசியில் ஆபரேஷன் நடந்தது. ஜாடித் தண்ணீரைச் சோதித்து, கம்பிகளைத் தம் முறைப்படி மறுபடியும் சுத்தம் செய்த பிறகே டாக்டர் உபயோகித்தார். ஒடிந்த இடத்தையும் திறந்து, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி எடுத்தார். என் காலுக்கு வெளியே ஓர் இரும்புச் சட்டம் நின்றது. நான்கு கம்பிகள் தோலுக்குள் போகும் இடத்தில் நான்கு சின்னப் பஞ்சுக் கட்டுகள். அவற்றை நர்ஸ் மட்டுமே தொடலாம்.

அந்த நாட்களின் நாட்குறிப்பை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. மழையைப் பற்றி இருக்கிறது, மகளின் அரையாண்டுத் தேர்வைப் பற்றி இருக்கிறது. காலைப் பற்றி ஒரே சொல்தான், நாள் தவறாமல்: "தொடவில்லை." அதை எழுதுவது எவ்வளவு சிரமமாக இருந்தது என்று பக்கத்தைப் பார்த்தால் தெரியாது. பன்னிரண்டாம் நாள் காலை, கீழ்ப் பக்கக் கம்பியில் தாங்க முடியாத நமைச்சல். உள்ளே சீழ் கட்டிவிட்டது என்றே தீர்மானித்துவிட்டேன். பஞ்சின் ஓரத்தை லேசாக விலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கை பாதி தூரம் போயிற்று. சமையலறையிலிருந்து மனைவி, என்னைப் பார்க்காமலே, "என்ன, அங்கன சத்தத்தைக் காணோம்?" என்றாள். கையை எடுத்துவிட்டேன். மறுநாள் நர்ஸ் கட்டைப் பிரித்தபோது, கம்பியைச் சுற்றித் தோல் உலர்ந்து, சுத்தமாக இருந்தது.

பழைய புண் கார்த்திகையில் மூடியது. நான்கு ஓட்டைகளில் ஒன்றில்கூடச் சீழ் வரவில்லை. 1982 தை மாதம், விபத்து நடந்து ஓர் ஆண்டு முடிந்த வாரத்தில், எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் கம்பிகளை எடுத்தார். பால்போல் உள்ளே போன வெள்ளி, கறுத்து வெளியே வந்தது. சட்டம் இல்லாத காலை முதன்முதலாகத் தரையில் ஊன்றியபோது மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிதானே காப்பாற்றியது என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? கெட்ட எலும்பைச் சுரண்டினேன், வெள்ளிக் கம்பியை வச்சேன், நீங்களும் கையை எடுத்துட்டீங்க. எல்லாம் ஒரே சமயத்துல. உங்களை வச்சு நான் ஒரு கட்டுரையும் எழுத முடியாது சார்." பூட்டி வைத்திருந்த ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்தார்.

இன்றுவரை எனக்கு விடை தெரியாது. எலும்புக்குள் வைக்கும் உலோகத்தில் கிருமி அண்டாமல் பூச்சுப் பூசுவதைப் பற்றி எங்கே செய்தி வந்தாலும் கத்தரித்து வைக்கிறேன். அதில் நான் தேடுவது என் காலுக்கான விடையைத்தான். ஆனால், முதல் தடவையிலேயே அந்த நான்காவது கம்பியில் வெள்ளி நன்றாக ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் ஸ்கேலை எடுத்திருப்பேன்.

கம்பி எடுத்த வாரத்திலேயே, ஊன்றுகோல்களோடு செல்லூருக்குப் போனேன். அவர் ஒரு குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் காலைக் குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார். தாராளமாகத் தொடுங்கள் என்றேன். "கையைக் கழுவிட்டு வாரேன்ணே" என்று உள்ளே போனார். அன்று எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

உரிந்து வந்த அந்த வெள்ளித் துண்டை அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது கறுத்துவிட்டது, சாய்த்துப் பிடித்தால் கோடுகள் இன்னும் தெரிகின்றன. இத்தனை ஆண்டுகளில் நான் எழுதிய குறிப்புகளிலேயே பிழையில்லாத குறிப்பு அது ஒன்றுதான் என்று தோன்றும். என் கையை எனக்கே காட்டிக்கொடுத்த அந்த மனிதருக்கு, இரண்டு காலில் நின்றபடி அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.